கேபிள் மேல் விழும் பழி

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பூட்டிய பட்டுத்தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்பட்டுத் தொங்கும். பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் வடிவம் கொடுத்த ஏற்பாடு அது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். எழும்பு அல்லது கிட, இந்த இரண்டைத் தவிர அட்டைக்குச் சொல்ல வேறொன்றும் கிடையாது. அட்டை பழசாகி அழுக்கேறியிருக்கலாம், ஓரம் நைந்திருக்கலாம். துளை துளையாக இருக்கும்வரை மயில் மயிலாகவே நெய்யப்படும். எங்காவது கிழிந்துவிட்டால் மயிலின் கழுத்தில் ஓர் இழை தப்பி நிற்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆனால் அட்டை நைந்துபோனதால் அரக்குச் சிவப்பு வெளுத்துவிட்டது என்று எந்த நெசவாளரும் சொல்ல மாட்டார். நிறம் சாயப்பட்டறையில் முடிவாகிவிட்ட விஷயம். அட்டைக்கு அதில் பங்கில்லை.

அதே சேலையைப் படம் பிடித்துக் கடையிலுள்ள பெரிய டிவியில் ஓட்டும்போது அரக்கு வெளுத்துத் தெரிந்தால் மட்டும் பழி கேபிள் மேல் விழுகிறது. “நல்ல எச்டிஎம்ஐ கேபிளா வாங்கிப் போடுங்க” என்ற யோசனை உடனே வரும். தங்க முலாம் பூசிய முனை, நைலான் பின்னல், ‘8கே’ என்று பெரிய எழுத்து, அதற்கேற்ற விலை. இவற்றில் எதுவும் வெளுத்த நிறத்தைத் திருப்பிக் கொடுக்காது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். டிஜிட்டல் கேபிளும் ஜக்கார்டு அட்டையும் ஒரே இனம். இரண்டும் தவறலாம், ஆனால் தவறும் விதம் தனி. அந்த விதத்தைத் தெரிந்துகொண்டால், எப்போது கேபிளுக்குச் செலவழிக்க வேண்டும், எப்போது டிவியின் மெனுவைத் திறந்தாலே போதும் என்பது விளங்கிவிடும்.

கேபிளைச் சந்தேகிக்கும் பழக்கம் மூடநம்பிக்கையில் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் அது முற்றிலும் சரியாக இருந்தது. 2006இல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியபோது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவை படக்குழாய் டிவிகள். டிவிடி பிளேயரை அவற்றோடு இணைத்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கம்பி. அதில் மஞ்சள் கம்பி ஒன்றே முழுப் படத்தையும் சுமந்தது. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின. அங்கே மின்னழுத்தம்தான் படம். அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், கம்பிக்குள் இரைச்சல் புகுந்தால் அது திரையில் அலையலையாக ஓடும். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த 15 ஊசி விஜிஏ இணைப்பும் இதே குலம்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி, ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் அழுத்தம். விஜிஏ கேபிள் நீண்டுகொண்டே போனால் எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிழல் விழும், ஓரங்கள் கரையும். மலிவான கேபிளை எடுத்துவிட்டு நன்றாகக் கவசமிட்ட கேபிளைப் போட்டால் படம் கண்ணெதிரே தெளியும். அந்த அனுபவம் பொய்யல்ல. அனுபவம் மனதில் தங்கிவிட்டது, கேபிளுக்குள் ஓடுவது மாறிவிட்டது, சிக்கல் அவ்வளவுதான்.

மாற்றம் 1999இல் டிவிஐ இணைப்போடு பரவலாகத் தொடங்கியது. 2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்டிஎம்ஐ முதல் பதிப்பை வெளியிட்டன. அதன் 19 ஊசிகளுக்குள் படத்தைச் சுமப்பவை மூன்று முறுக்கு ஜோடிகள். ஒவ்வொரு நிறத்தின் அளவும் 8 பிட் எண்ணாகிறது. வழியில் பிழையில்லாமல் வாசிப்பதற்காக அந்த எட்டு பத்தாக விரிக்கப்பட்டு ஜோடிக்குள் அனுப்பப்படுகிறது. முழு எச்டி திரையில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் ஏறத்தாழ 300 கோடி பிட் வரும். படத்துக்கும் படத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் எட்டு பத்தாகும் செலவையும் சேர்த்தால் 4.46 ஜிகாபிட். முதல் எச்டிஎம்ஐயின் கொள்ளளவு 4.95 ஜிகாபிட், அதற்குள் இது அடங்கிவிடும். 4கே திரையில் பிக்சல்கள் நான்கு மடங்கு, ஆகவே 60 படத்துக்கு 17.82 ஜிகாபிட், 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0இன் எல்லை 18. இந்த வேகத்தில் ஒரு ஜோடியில் நொடிக்கு 600 கோடி பிட் ஓடுகிறது. கம்பிக்குள் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஐந்து மீட்டர் கேபிளில் எந்த நொடியில் பார்த்தாலும் ஒரு ஜோடிக்குள் நூற்றைம்பது பிட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

மறுமுனையில் டிவி செய்யும் வேலை, வருவது ஒன்றா பூஜ்யமா என்று தீர்மானிப்பது மட்டும். அலை தேய்ந்து வந்தாலும் சரி, கோணலாக வந்தாலும் சரி, ஒன்று என்று தெரிந்தால் அது முழு ஒன்றுதான். முக்கால் ஒன்று என்று எதுவும் இல்லை. ஆகவே அனுப்பிய எண் அப்படியே போய்ச் சேரும், அல்லது அறவே வேறு எண்ணாகிவிடும். வேறு எண்ணானால் என்ன தெரியும்? அந்த ஒரு பிக்சல் மட்டும் திடீரென்று வெள்ளையாகவோ சம்பந்தமில்லாத நிறத்திலோ மின்னி மறையும். பிழை பெருகினால் திரை முழுக்கப் புள்ளிகள் பொரியும், கோடுகள் ஓடும். இன்னும் பெருகினால் படம் விட்டுவிட்டு இருண்டு, கடைசியில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்து நிற்கும். நல்ல நிலைக்கும் இந்தக் கதிக்கும் நடுவில் சரிவு கிடையாது, செங்குத்தான விளிம்பு மட்டுமே. திரை முழுவதும் ஒரே சீராக அரக்கு வெளுக்க வேண்டுமானால், கோடிக்கணக்கான நிற எண்கள் எல்லாம் ஒரே சீராக, ஒரே திசையில் நகர வேண்டும். கம்பியில் நேரும் பிழை அப்படித் திட்டம்போட்டு நேர்வதில்லை. பொரிப் புள்ளி, விட்டுவிட்டு இருட்டு, சிக்னல் அறுந்துபோதல், இவை கேபிளின் கைரேகை. வெளுப்பு, மங்கல், மஞ்சள் பாய்தல் ஆகியவை வேறொருவர் கைரேகை.

தங்க முலாம் பற்றிக் காஞ்சிபுரத்தாரிடம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று பார்த்து வாங்கும் ஊர் அது. அசல் ஜரிகையிலும் கனம் வெள்ளிக்குத்தான்; தங்கம் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராத மெல்லிய மேற்பூச்சு. ஆனால் அந்தப் பூச்சை நாம் நேராகக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் அதற்கு விலை உண்டு. கேபிள் முனையிலுள்ள தங்கத்தைப் பிட்டுகள் பார்ப்பதில்லை. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளி முதலிடம், செம்பு அடுத்தது, தங்கம் மூன்றாவது. அதன் ஒரே சிறப்பு களிம்பு ஏறாது என்பது. அடிக்கடி பிடுங்கிச் செருகும் இடத்தில், உப்புக்காற்று வீசும் ஊரில் அது நல்ல குணம்தான். நடைமுறையில் விலை குறைந்த கேபிள்களின் ஊசிகளுக்கும் மெல்லிய முலாம் இருக்கிறது. வெளிக்கூட்டைத் தங்கமாக மின்ன வைப்பது வாங்குபவர் கண்ணுக்காக.

அப்படியானால் நிறம் எங்கேதான் தொலைகிறது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பட்டுச்சேலை இதற்கு மிகக் கடினமான பரீட்சை. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிய சேலை டிசைன் இப்போது கணினிக்கு வந்துவிட்டது. ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். திரையில் அதை ஒரு பிக்சலாகவே பார்க்க முடியும். பெரிதாகத் தெரியட்டும் என்று கணினித் திரைக்குப் பதில் 4கே டிவியை வாங்கி மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினியிலோ டிவியில் கேபிள் செருகும் துளையிலோ பழைய எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் கொள்ளளவு 10.2 ஜிகாபிட்தான். நொடிக்கு 60 படம் வேண்டுமானால் 17.82 தேவை. இரண்டில் ஒன்று நடக்கும்: படம் நொடிக்கு 30 ஆகக் குறைந்து மவுஸ் தத்தித் தத்திப் போகும், அல்லது நிறம் குறைக்கப்படும். இரண்டாவது வழிக்குப் பெயர் 4:2:0. வெளிச்ச அளவு பிக்சலுக்குப் பிக்சல் முழுதாகப் போகும்; நிறமோ இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றே ஒன்று. பிட்டுகள் சரிபாதியாகி 8.91 ஜிகாபிட்டில் அடங்கிவிடும்.

சினிமா பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரிக்கிறது, நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை; தொலைக்காட்சிப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக இதை நம்பியே பிழைப்பு நடத்துகிறார்கள். ஆனால் கோர்வைச் சேலையை எண்ணிப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடாக்கள் ஓடி இரண்டையும் இழைக்கு இழை பூட்டுகின்றன. அரக்கு உடலும் கரும்பச்சைக் கரையும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. அவற்றைப் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்றானதும் அந்த எல்லையில் அரக்கும் பச்சையும் கலந்து அழுக்குப் பழுப்பு தோன்றும். வைர ஊசிக் கோடுகள் ஒரு பிக்சல் அகலத்தில் போட்டிருந்தால் பக்கத்து நிறத்தோடு கரைந்துவிடும். டிசைனில் தவறில்லை, தறியில் தவறில்லை, கேபிளும் தன்னிடம் கொடுத்த ஒவ்வொரு பிட்டையும் பழுதில்லாமல் சேர்த்துவிட்டது. நிறம் கேபிளுக்குள் நுழைவதற்கு முன்பே தொலைந்துவிட்டது.

வெளுப்புக்கு இன்னொரு காரணம் உண்டு, இதுவே அதிகம் நடப்பது. கணினி கருப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணுகிறது. தொலைக்காட்சி உலகத்தில் கருப்பு 16, வெள்ளை 235. லேப்டாப் தொலைக்காட்சிக் கணக்கில் அனுப்பி, டிவி அதைக் கணினிக் கணக்கில் படித்தால், கருப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும், அரக்கு வெளுக்கும். தலைகீழாக நடந்தால் இருண்ட மடிப்புகளில் உள்ள விவரம் எல்லாம் கருப்பில் மூழ்கும், ஜரிகையின் பளபளப்பு வெறும் வெள்ளைத் திட்டாகும். மருந்து டிவியின் மெனுவில் இருக்கிறது. எச்டிஎம்ஐ கருப்பளவு என்பது போன்ற பெயரில் ஒரு தேர்வு. அந்தத் துளைக்குப் ‘பிசி’ என்று பெயர் சூட்டினால் பல டிவிகள் தாமாகவே கணக்கை மாற்றி, நிறத்தையும் முழுதாகக் காட்டத் தொடங்கும். சாம்சங் டிவியில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜி டிவியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’ என்று துளைவாரியாக ஒரு திறப்பும் உண்டு. அது மூடியிருந்தால் 18 ஜிகாபிட் கேபிளும் 10 ஜிகாபிட் வேலைதான் பார்க்கும். டைப்-சி துளையில் மாட்டும் சிறு மாற்றிகளும் இப்படித்தான். மலிவானவை பலவற்றில் 4கே என்றால் நொடிக்கு 30 படம்தான். டிசைன் வேலைக்கென்றே திரை வாங்குபவர் டிவியை விட்டுவிட்டு, டிஸ்பிளேபோர்ட் உள்ள கணினித் திரை வாங்குவது மேல் என்பது என் கருத்து. அதில் இந்த 16, 235 தகராறு பெரும்பாலும் எழாது.

இதற்கு எதிராக ஒரு வலுவான சாட்சியம் உண்டு: “கேபிளை மாற்றினேன், நிறம் நிஜமாகவே தேறியது.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது டிவியும் கணினியும் புதிதாகப் பேச்சுவார்த்தை நடத்துகின்றன. எந்தத் தெளிவு, எத்தனை படம், எந்த நிறக் கணக்கு என்று டிவி தன் தகுதிகளைச் சொல்ல, கணினி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. முந்தைய பேச்சில் 4:2:0 என்று முடிவானது இம்முறை முழு நிறம் என்று முடிவாகியிருக்கலாம். பழைய கேபிள் முதல் துளையிலும் புதியது இரண்டாம் துளையிலும் போயிருக்கலாம்; டிவி ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் பட அமைப்பை நினைவில் வைத்திருக்கும். சோதிப்பது எளிது. பழைய கேபிளை அதே இரண்டாம் துளையில் செருகிப் பாருங்கள்; தேறிய நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், எப்போதும் என்று அல்ல. இந்த வாதத்தில் ஒரு சந்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. படம் அனுப்பும் சில பெட்டிகள் கேபிளைச் சோதித்துப் பார்த்து, அது வேகம் தாங்காது என்று தெரிந்தால் தாமாகவே நிறத்தையோ படங்களின் எண்ணிக்கையையோ குறைத்துக்கொள்கின்றன. 2017இல் வந்த எச்டிஎம்ஐ 2.1இன் 48 ஜிகாபிட் முறையில் இந்தச் சோதனை விதியாகவே இருக்கிறது: முதலில் முழு வேகம், முடியாவிட்டால் ஒரு படி கீழே. கூடவே பிழைதிருத்தும் கணக்கும் இருப்பதால் சில்லறைப் பிழைகள் புள்ளியாகத் தெரியாமலே சரியாகிவிடும். ஆக, தகுதியில்லாத கேபிள் மறைமுகமாக நிறத்தைக் குறைக்கக்கூடும். ஆனாலும் குறைத்தது பெட்டி, அதுவும் படிப்படியான தீர்மானமாக. டிவியின் தகவல் பக்கத்தைத் திறந்தால் இப்போது வருவது எத்தனை படம், எந்த நிறக் கணக்கு என்று பல மாடல்களில் எழுதியே இருக்கும். தகுதியுள்ள கேபிளைப் போட்டுவிட்டால், அதற்கு மேல் பத்து மடங்கு விலை கொடுத்தாலும் ஒரு பிட் கூட கூடாது.

தகுதியைத் தீர்மானிப்பது நீளம். வேகமான அலைகள் செம்புக்கம்பியின் தோலில்தான் ஓடுகின்றன. 300 கோடி அதிர்வில் அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றே சொச்சம். ஓட இடம் குறைந்தால் தடை கூடும், நீளம் கூடக்கூட அலை தேயும். இரண்டு மீட்டருக்கு எந்த நேர்மையான கேபிளும் 4கே படத்தைச் சுமந்துவிடும். ஐந்து மீட்டரைத் தாண்டும்போதுதான் தடித்த கம்பி, ஒழுங்கான முறுக்கு, கவசம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் வருகிறது. கல்லாவிலிருந்து கடையின் மறுகோடிச் சுவர்வரை பத்து, பதினைந்து மீட்டர் போக வேண்டுமானால் செம்பை மறந்துவிட்டு, உள்ளே ஒளியிழை வைத்த கேபிளுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பின் உண்டு. கணினிப் பக்கம் எது, டிவிப் பக்கம் எது என்று முனையில் எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது. சுவருக்குள் பதிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி கருட சேவை போன்ற கூட்டத்துக்குத் தெருவில் திரை வைப்பதென்றால் எச்டிஎம்ஐ அந்த வேலைக்குப் பிறந்ததே அல்ல. ஒளிபரப்புக்காரர்கள் பயன்படுத்தும் எஸ்டிஐ, ஒரே ஒரு கோஆக்சியல் கேபிளில், திருகிப் பூட்டும் முனையோடு, எச்டி படத்தைச் சுமார் 100 மீட்டர் கொண்டுபோகும். யாராவது கால் தடுக்கினாலும் கழலாது.

கேபிள் வரும் பெட்டியின் மேல் ‘2.1’ என்றும் ‘8கே’ என்றும் அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பதிப்பு எண் கருவிகளுக்கு உரியது. கேபிளுக்குச் சோதித்துக் கொடுக்கும் வகுப்புகள் வேறு: 18 ஜிகாபிட்டுக்குப் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’, 48க்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’. அந்த முத்திரைச் சீட்டில் போனைக் கொண்டு ஸ்கேன் செய்து சரிபார்க்கும் குறியும் இருக்கும்.

எந்த கேபிளாலும் ஆகாதவையும் சில உண்டு. செட்டாப் பெட்டிக்குள் வருவது 720க்கு 576 அளவு சாதாரணப் படமென்றால், எச்டிஎம்ஐ வழியாகக் கொண்டுவந்தாலும் அது எச்டி ஆகாது. போனில் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிய சேலை வீடியோ எடுக்கும்போதே 4:2:0 ஆகிவிட்டது, அனுப்பும்போது இன்னும் நசுக்கப்பட்டது. மயில்கழுத்துச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் புரள்வது அதன் அழகு. ஒரு பிக்சல் எல்லாக் கோணத்துக்கும் ஒரே நிறத்தைத்தான் காட்டும். வெளியூர் வாடிக்கையாளர் திரையில் பார்த்த நிறம் வேறு, கையில் வந்த நிறம் வேறு என்று சொன்னால், கேமராவின் வெள்ளைச் சமநிலை, கடையின் விளக்கு, அவர் போனின் திரை ஆகியவற்றைச் சந்தேகித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தால் கேபிளை நினைக்கலாம். புது கேபிள் வாங்கக் கடைக்குப் புறப்படும் முன் டிவி ரிமோட்டை எடுத்து, அந்தத் துளையின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றிப் பாருங்கள்.